வேகத்துக்குத் திசை உண்டு

மோகனராஜ் சேருக்குக் கோச்சி என்றால் உயிர். ஏறிப் போவதற்கல்ல, பாடம் நடத்துவதற்கு. கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் ஒரு தையல் கடையின் மேல்மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, பத்தாம் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அவர் டியூஷன் வகுப்பு வைத்திருந்தார். பின்னேரத்தில் கம்பளைப் பக்கம் போகிற ரயிலின் சத்தம் ஜன்னல் வழியாக வந்துவிட்டால், எந்தக் கணக்கின் நடுவில் நின்றாலும் வெண்கட்டியைக் கீழே வைத்துவிடுவார்.

"காதைக் குடுங்க எல்லாரும். இப்ப சீரா வருது. இந்தா, ஸ்டேஷன் கிட்டுது, அமர்முடுகுது. நின்னுருச்சா? இனி கிளம்புறதைக் கேளுங்க. ஆர்முடுகுது பாருங்க, மேட்டுல ஏறுற ஆள் மூச்சு வாங்குற மாதிரி."

"கோச்சிக்கு இழுப்பு வியாதி சேர்," என்பான் பழக்கடைக்காரர் மகன் அமான். வகுப்பு சிரிக்கும். சேரும் சிரித்துவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்புவார்.

இடப்பெயர்ச்சியைச் சொல்லிக்கொடுத்த அன்று அவர் தன்னையே உதாரணமாக வைத்தார். காலையில் கெலிஓயாவில் பஸ் ஏறிக் கம்பளைக்கு வேலைக்குப் போகிறார். பின்னேரம் அதே ஹோல்ட்டில் வந்து இறங்குகிறார். போன தூரம் இருக்கிறது, இடப்பெயர்ச்சியோ பூச்சியம்.

"இடப்பெயர்ச்சி பூச்சியம்னா செஞ்ச வேலையும் பூச்சியம்தானே சேர்?" என்று அமான் கேட்டான்.

"எங்க முதலாளியும் அதைத்தான்டா சொல்றாரு."

அந்த முதலாளி கம்பளையில் இரும்புக்கடை வைத்திருந்தார். கடையின் பின்னால் இருக்கிற ஸ்டோர்தான் மோகனராஜின் இடம். தகரம், ஆணி, தண்ணீர்ப் பைப், பெயின்ட் வாளி, எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் அங்கே அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சேர் என்றும் கூப்பிடுவதில்லை. முதலாளியிலிருந்து லொறி டிரைவர் வரைக்கும் அவர் 'இந்தியாக்காரர்'தான்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அப்பா கறுப்பையா கவ்வாத்து வெட்டுகிறவர். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, "பையன் அங்கயாவது படிக்கட்டும்" என்று இவரையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். எந்தத் தாளில் என்ன எழுதினார்களோ, பெரியப்பாவின் பிள்ளையாகத்தான் போய் இறங்கினார். கூடலூர்ப் பள்ளிக்கூடத்தில் அவருக்குச் 'சிலோன்காரன்' என்று பேர். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற நேரம் அப்பாவுக்குக் கைகால் விழுந்துவிட்டது என்று தகவல் வந்தது. திரும்பி வந்தார். வந்த இடத்தில் இந்தியாக்காரர் ஆகிவிட்டார்.

கூடலூரில் அவருக்குக் கிடைத்த ஒரே நல்லது பௌதிகம். அங்கே அதை இயற்பியல் என்பார்கள். சரிவான பாதையில் சைக்கிளில் இறங்கும்போது காதில் காற்று அடைக்குமே, அதைக்கூட ஒரு கோடு போட்டுக் காட்டிவிடலாம் என்று தெரிந்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். அந்தப் பாடத்தில் அவர் வாங்கிய புள்ளிகளை இங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இந்தியச் சான்றிதழைச் சமமாக்கிக்கொண்டு வா என்றார்கள். எங்கே போய்ச் சமமாக்குவது என்று கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் இரும்புக்கடையில் நின்றுவிட்டார்.

முதலில் கணக்கு வகுப்புத்தான் எடுத்தார். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் கெலிஓயாவில் விஞ்ஞானம் எடுத்துக்கொண்டிருந்த இளம் சேர் வெளிநாடு போய்விட, பிள்ளைகளே வந்து நின்றார்கள். "சேர், இயக்கம் மட்டுமாவது சொல்லித் தாங்க. மத்ததை நாங்க பாடமாக்கிக்குவோம்." அன்றைக்கு அவர் வீட்டுக்கு நடந்த நடையைப் பார்த்து மனைவி ஞானேஸ்வரி, "என்னங்க, லொத்தர் விழுந்துதா?" என்று கேட்டாள்.

சொற்கள் மாறும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அங்கே முடுக்கம், இங்கே ஆர்முடுகல். அங்கே நிறை, இங்கே திணிவு. இங்கே நிறை என்றால் அங்கே எடை. இந்தக் கடைசிச் சிக்கலில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. அவர் விழவில்லை. வினாத்தாள்களைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் தன் வாயைத் திருத்திக்கொண்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கதி என்ற சொல்லில்தான் இடறினார். அங்கே படித்தபடி வேகம் என்றால் எவ்வளவு விரைவு என்பது மட்டும்தான். எந்தப் பக்கம் போகிறது என்பதையும் சேர்த்தால் திசைவேகம். இங்கத்தைய வினாத்தாள்களில் வேகம் இருந்தது, திசைவேகம் இல்லை. அதற்குப் பதிலாகக் கதி என்று ஒன்று இருந்தது. சரி, இங்கே திசைவேகத்தைத்தான் கதி என்கிறார்கள் என்று அவராகவே முடிவுகட்டினார். கதி என்றால் போக்கு, போகிற வழி. வழி என்றால் திசை. எவ்வளவு பொருத்தம்.

உண்மையில் இங்கே அது நேரெதிர். கதிக்குத்தான் திசை இல்லை. வேகத்துக்கு உண்டு.

பாடப்புத்தகத்தை ஒருதரம் திறந்திருந்தால் போதும். அவர் திறக்கவில்லை. பாடம் தலையில் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்றிருந்துவிட்டார். கணக்குகளும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மீட்டரைச் செக்கனால் பிரித்தால், எந்தப் பேரில் பிரித்தாலும் அதே விடைதானே வரும்.

காட்டிக்கொடுத்தது நுஸ்ஹா. முன்வாங்கில் சுவரோரமாக இருக்கிற பிள்ளை, அதிகம் பேசமாட்டாள். அன்றைக்குக் கையை உயர்த்தினாள்.

"சேர், வேகத்துக்குத் திசை இல்லண்டு எழுதிப் போட்டீங்க. பொத்தகத்துல மாறி ஈக்கே."

"எப்படிம்மா மாறி இருக்கு?"

"வேகத்துக்குத் திசை ஈக்கிண்டு போட்டீக்கி. கதிக்குத்தான் இல்ல."

மோகனராஜ் சிரித்தார். கோபமில்லாத சிரிப்புத்தான். "சரி, வேகத்துலயே திசை இருக்குன்னு வைப்போம். அப்ப திசைவேகம்னு இன்னொரு சொல்லை எதுக்கும்மா மினக்கெட்டு உண்டாக்கினாங்க?"

"அந்தச் சொல்லே பொத்தகத்துல இல்ல சேர்."

"உங்க பொத்தகத்துல இல்லாதது எல்லாம் உலகத்துல இல்லையா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அமானுக்கு அவள் சாச்சாவின், அதாவது சித்தப்பாவின் மகள், அவனுக்கு விடமுடியவில்லை. "நுஸ்ஹா, நீ இனி பஸ்ஸுல ஏறக்குள்ள டிரைவர்ட்ட திசை கேட்டுட்டு ஏறு." இன்னொரு சிரிப்பு. சேர் அதை நிறுத்தவில்லை. நிறுத்துகிற மாதிரி ஒரு கையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனார். நுஸ்ஹா புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் எழுதவும் இல்லை, தலையைத் தூக்கவும் இல்லை.

மறுநாள் காலை கம்பளையில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் நேரே கடைக்குப் போகவில்லை. சந்தைப் பக்கம் இருக்கிற புத்தகக் கடையில், பத்தாம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே பிரித்தார். இரண்டு வரி. கதி இப்படி, வேகம் இப்படி. பக்கத்தில் ஒரு பிள்ளை வளைந்த பாதையில் நடந்துபோகிற படமும் போட்டிருந்தது. திரும்ப வாசித்தார். பிறகு இந்தப் புத்தகத்தில் பிழை இருக்குமோ என்று முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"எடுக்கிறீங்களா அண்ணே?" என்று கடைப் பையன் கேட்டான்.

"இல்ல, சும்மா பாத்தேன்," என்று வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அன்றைக்கு ஸ்டோரில் அரை அங்குலப் பைப் கேட்டவருக்கு முக்கால் அங்குலத்தை எடுத்துக் கொடுத்தார். "என்ன இந்தியாக்காரரே, இந்தியா ஞாபகமா?" என்று முதலாளி கேட்டார். அந்தச் சொல் அதுவரை அவரைக் கடித்ததில்லை. அன்றைக்குக் கடித்தது.

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். ஞானேஸ்வரி கண்டியில் பிறந்து வளர்ந்தவள், நகரத்தில் ஒரு கந்தோரில் கிளாக். எதையும் பெரிதாக எடுக்காத மனுஷி.

"இதுக்குத்தான் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தீங்களா? எங்க ஒஃபிஸ்ல ஒரு நோட்டீஸ் பிழையா அடிச்சா, அடுத்த நாள் திருத்தி இன்னொண்ணை அதுக்கு மேலயே ஒட்டிருவோம். ஒருத்தரும் சாகல. நாளன்னைக்கு வகுப்புல போயி, பிள்ளைகளா, ரெண்டையும் மாத்தி எழுதிக்கங்கன்னு சொல்லிருங்க. ரெண்டு வார்த்தை."

"ரெண்டு வார்த்தைதான்," என்றார் அவர்.

"பிறகென்ன?"

பிறகென்ன என்பதை அவரால் அவளுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. கடையில் அவர் இந்தியாக்காரர். தோட்டத்துச் சொந்தக்காரர்களுக்கு, போய்ப் படித்தும் ஒன்றுமாகாமல் வந்தவர். இந்தத் தகரக் கூரைக்குக் கீழே மட்டும்தான் சேர். அந்த நுஸ்ஹாப் பிள்ளை சொன்னதுதான் சரி என்று அங்கே நின்று சொன்னால், "சேர் இந்தியப் பாடத்தைத்தான் நடத்தியிருக்காரு" என்று நாளைக்கு ஊர் முழுக்கப் பேச்சாகும். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தால் போகிறது என்றுகூட விட்டுவிடலாம். சிரிக்காமல், அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு குனிந்தால் என்ன செய்வது?

அப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் அடுத்த வகுப்புக்குப் போனார். முதலில் நுஸ்ஹாவைத் தனியே கூப்பிட்டு, "நீ சொன்னதுதான்மா சரி" என்று சொல்லவேண்டும் என்று வைத்திருந்தார். வாங்கில் அவளைக் காணவில்லை.

"அவ இனி வரமாட்டா சேர். கண்டியில வேற கிளாஸ். சாச்சா சேர்த்துட்டாரு," என்றான் அமான்.

கரும்பலகையில் யாரோ பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்: 'திசைவேகம் சேர் வாழ்க'. பகிடி இல்லை. அன்புதான். வேறு எந்த வகுப்பிலும் இல்லாத ஒரு சொல் தங்களிடம் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பெருமை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லி மிரட்டிவிட்டும் வந்திருக்கிறார்கள்.

அவர் அதை அழித்தார். அழித்தபடியே, "அன்னைக்குச் சொன்னேனே, வேகம். அது புத்தகத்துல கொஞ்சம் வேற மாதிரிப் போட்டிருக்காங்க," என்றார்.

"அவங்க பிழை விட்டுட்டாங்களா சேர்?" என்று யசோதினி கேட்டாள்.

யசோதினி ஹேவாஹெட்டப் பிள்ளை, மோகனராஜ் பிறந்த அதே தோட்டம். படிப்புக்காகக் கெலிஓயாவில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். அம்மா ரத்தினம்மா இன்னும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். கண்டியில் ஒரு பெரிய பாடசாலையில் சேர்ந்து உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கவேண்டும் என்பது அவள் நினைப்பு. அவர்கள் குடியிருந்த லயத்து வரிசையிலிருந்து அதுவரை யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. சேர் வாயிலிருந்து வருவது எல்லாவற்றையும் அவள் அப்படியே கொப்பியில் இறக்கிவிடுவாள், அவருடைய இருமலைத் தவிர. அப்படி ஒரு பிள்ளை, பேனையைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதைப் பிறகு பாப்போம்," என்றார் மோகனராஜ். "இன்னைக்குச் சடத்துவம். பேராதனையிலிருந்து பஸ் வருது. நீங்க நின்னுக்கிட்டு வாறீங்க. கொண்டக்டர் என்ன சொல்றாரு?"

"இஸ்ஸரஹாட்ட யண்ட," என்று வகுப்பு முழுக்க கொண்டக்டர் குரலில் கத்தியது.

"முன்னால போகச் சொல்றாரு. நீங்க போறீங்களா?"

"இல்ல சேர்."

"டிரைவர் ஒரு பிரேக் அடிக்கிறாரு. இப்ப?"

"போவோம் சேர்," என்றான் அமான். "கண்ணாடி வரைக்கும்."

பாடம் நன்றாக நடந்தது. அவ்வளவு நன்றாக நடந்ததால் கடைசியில் நிறுத்திப் பழைய பிழையை எடுக்க மனம் வரவில்லை. அடுத்த முறை என்று வைத்தார். அடுத்த முறை உராய்வு. அதற்கடுத்த முறை, மீட்டல் வகுப்பில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லித் திருத்திவிடலாம் என்று வைத்தார். மீட்டல் வகுப்புக்கு நாள் குறித்த வாரம்தான் புயல் மழை தொடங்கியது. அந்த மழையை இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லிக்காட்டத் தேவையில்லை. மண் சரிந்தது, பாதை போனது, தையல் கடைக்குள் தண்ணீர் நின்றது. மேல்மாடித் தகரத்தில் பாதியைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. வகுப்பு நின்றே போனது. பிள்ளைகளிடம் தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஒரு குறுஞ்செய்தி எழுதியும் பார்த்தார். 'அன்புள்ள பிள்ளைகளே' என்று தொடங்கி, அதற்கு மேல் போகாமல் அழித்தார். பரீட்சை வந்துவிட்டது.

விஞ்ஞானப் பாடத்தன்று அரைநாள் லீவு போட்டார். "எங்க போறீங்க?" என்று ஞானேஸ்வரி கேட்கவில்லை. சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "இன்னைக்காவது சொல்லிருங்க," என்று மட்டும் சொன்னாள்.

பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கேயும் தடங்கல் இல்லை. இதை அவர் பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறார். பஸ் பிந்தியிருந்தால் பஸ்ஸின் மேல் போட்டிருக்கலாம்.

பாடசாலை கேற்றடியில் பிள்ளைகள் அவரைக் கண்டதும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். சேர் வந்திருக்காரு, சேர் வந்திருக்காரு என்று ஒரே பேச்சு. தாய்மார் எழும்பி நின்றார்கள். ரத்தினம்மா முதல் பஸ்ஸில் ஹேவாஹெட்டவிலிருந்து வந்திருந்தாள், கையில் ஒரு துணிப்பை. மகளைத் தோளைப் பிடித்து அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"சேர், இதுக்கு ராத்திரியெல்லாம் பயம். நீங்க ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. போதும்."

ஒரு வார்த்தை. இரண்டு வார்த்தை வேண்டியிருந்தது அவருக்கு. கதி, வேகம், ரெண்டையும் மாத்திக்கங்க. அவ்வளவுதான். யசோதினியின் முகத்தைப் பார்த்தார். உள்ளே மணியடிக்கப்போகிறது. இந்த நேரத்தில் சொன்னால் பிள்ளை குழம்பிவிடாதா? இதைக் குழப்பிவிட்டோமென்றால் மற்றதெல்லாம் சேர்ந்து குழம்பாதா? அந்தக் கேள்வி வராமலும் போகலாமே? மனம் அவருக்காக நியாயங்களை வரிசையில் நிறுத்திக்கொண்டே போனது. ஒன்றும் பொய்யான நியாயமில்லை. அதுதான் அவருக்குப் பிடிமானமாகப் போய்விட்டது.

"பதறாம எழுதுங்க," என்றார். "கேள்வியை ரெண்டுதரம் வாசிங்க. போயிட்டு வாங்க."

பிள்ளைகள் உள்ளே போனார்கள். ரத்தினம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மோகனராஜ் எதிரே தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, ஆறிப்போகிற வரைக்கும் ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டிருந்தார். கேள்வி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டார். எந்தச் சாமியிடம் என்று அவருக்கே தெரியாது.

பரீட்சை முடிந்து முதலில் வெளியே வந்தவன் அமான். தூரத்திலேயே கையை உயர்த்திக்கொண்டு வந்தான்.

"சேர், வந்துச்சு. கதிக்கும் வேகத்துக்கும் வித்தியாசம். அப்பிடியே வந்துச்சு."

"எழுதினியா?"

"நீங்க சொன்ன மாதிரியே. நான் திசைவேகத்தையும் சேர்த்து எழுதிட்டேன் சேர். எக்ஸ்ட்ரா."

மற்றவர்களும் வந்துவிட்டார்கள். எல்லோரும் எழுதியிருந்தார்கள். அவர் சொன்ன வசனத்தைச் சொல் மாறாமல், அவர் போட்ட உதாரணத்தோடு எழுதியிருந்தார்கள். யசோதினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"உள்ள போகக்குள்ள நுஸ்ஹா வந்து மாத்திச் சொன்னா சேர். வேகத்துக்குத்தான் திசை இருக்கு, அப்படியே எழுதுன்னு. என்னைக் குழப்பப் பாக்குறா. எங்க சேர் பிழை சொல்லமாட்டாருன்னு சொல்லிட்டு, நான் காதுலயே போட்டுக்கல."

கொஞ்சம் தள்ளி நுஸ்ஹா தாயோடு திரீவீலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் நின்று, மரியாதைக்குத் தலையைச் சாய்த்துவிட்டு ஏறிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு வெற்றியும் இல்லை. பாவம் என்று பார்த்த மாதிரித்தான் அவருக்கு இருந்தது.

ரத்தினம்மா துணிப்பையை நீட்டினாள். வீட்டுப் பின்னால் போட்ட போஞ்சியும் லீக்ஸும். "வேணாம்மா," என்றார் மோகனராஜ். "எடுங்க சேர். என் பிள்ளை சிரிச்சிக்கிட்டு வெளிய வந்துச்சு, அது போதும் எனக்கு," என்றாள். வாங்கிக்கொண்டு வந்தார். ஞானேஸ்வரி அதைச் சமைத்தாள். அவர் சாப்பிட்டார்.

பெறுபேறு வந்தபோது அமான் விஞ்ஞானத்தில் சித்தியடைந்திருந்தான். அவனுக்கு அதுவே அதிகம், கூடப் படித்தவர்கள் எல்லோர் வீட்டுக்கும் லட்டு கொண்டுபோய்க் கொடுத்தான். யசோதினிக்கு சி. அவள் நினைத்திருந்த பாடசாலையில் கணிதப் பிரிவுக்கு விஞ்ஞானத்தில் பி கேட்டார்கள். எத்தனை புள்ளியில் அந்தப் பி தவறியது, எந்தக் கேள்வியில் போனது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. வேறு பத்துக் கேள்விகளிலும் போயிருக்கலாம். அப்படித்தான் ஞானேஸ்வரியும் சொன்னாள். மோகனராஜ் தலையாட்டினார். யசோதினி ஹேவாஹெட்டவுக்குத் திரும்பிப்போய், பக்கத்துப் பாடசாலையில் கலைப் பிரிவில் சேர்ந்தாள். போகிற அன்று வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவர் விஞ்ஞானம் எடுக்கவில்லை. மேல்மாடிக்குப் புதுத் தகரம் போட்டு வகுப்பு திரும்பத் தொடங்கியபோது கணக்கு மட்டும்தான் என்றார். கோச்சி போகும்போது பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள். அவர் பார்க்கமாட்டார்.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். புயலில் கூரை போன ஹேவாஹெட்டத் தோட்டத்து மண்டபத்துக்குத் தகரம் கேட்டுக் கம்பளைக் கடைக்கு ஓடர் வந்தது. எண்ணிப் பார்த்து இறக்குவதற்கு முதலாளி மோகனராஜை லொறியில் அனுப்பினார். சனிக்கிழமை. மண்டபத்தில் பாதிக்குக் கூரை இருந்தது. அந்தப் பாதிக்குக் கீழே பிள்ளைகள் சீமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகைக்கு முன்னால், இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யசோதினி.

"கதிக்குத் திசை இருக்கு. வேகத்துக்கு இல்லை," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவருடைய ராகம். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வெண்கட்டியால் பலகையைத் தட்டுகிற அவருடைய தட்டும்கூட.

மோகனராஜ் தகரக் கட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

பின்வரிசையில் ஒரு சிறுமி எழும்பினாள். "அக்கா, புத்தகத்துல வேற மாதிரி இருக்கு."

யசோதினி இறங்கிப்போய் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். ஒருதரம் வாசித்தாள். "அட, ஆமா," என்றாள். "அக்கா பிழையாச் சொல்லிட்டேன். எல்லாரும் அதை வெட்டிட்டு மாத்தி எழுதுங்க. கதிக்குத் திசை இல்லை. வேகத்துக்கு உண்டு."

"அப்ப எங்க கதி என்னக்கா? முழுக்க எழுதி முடிச்சிட்டோம்," என்று ஒரு பையன் முனகினான். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வெட்டினார்கள், எழுதினார்கள். அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. யாரும் அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படவுமில்லை.

திரும்பியவள் இவரைக் கண்டுவிட்டாள்.

"சேர், வாங்க, வாங்க." ஓடிவந்தாள். "பிள்ளைகளா எழும்புங்க, இவர்தான் என்னோட சேர்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்ல நேரத்துல வந்தீங்க போங்க. பாத்தீங்களா, மாத்திச் சொல்லிக்கிட்டு நின்னேன். நீங்க சரியாத்தான் சொல்லித் தந்திருப்பீங்க. நான்தான் கொப்பியில தலைகீழா எழுதி வச்சிருக்கேன் போல. பரீட்சையிலயும் அப்படித்தான் எழுதினேன் சேர். இப்பத்தான் தெரியுது, எங்க கோட்டை விட்டேன்னு."

மோகனராஜ் தகரத்தைக் கீழே வைத்தார்.

"இல்ல யசோதினி. நான்தான் பிழையாச் சொல்லித் தந்தேன். நுஸ்ஹா சொன்னதுதான் சரி."

"விடுங்க சேர்."

"எனக்கு அப்பவே தெரியும்மா. பரீட்சைக்கு முன்னாலயே தெரியும். கேற்றடியில நிக்கிறப்பவும் தெரியும்."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் அவர் எதையோ எதிர்பார்த்தார். கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். ஆனால் அவள் முகம் மெதுவாக மலர்ந்தது. பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? இதுதான் எங்க சேர். நம்ம விடுற பிழையையும் தன் தலையில போட்டுக்குவாரு."

பிள்ளைகள் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தனை கண்ணிலும் மரியாதை. அவர் இன்னொரு முறை வாயைத் திறந்தார். என்ன சொன்னாலும் அது அந்த மரியாதையைத்தான் கூட்டும் என்று தெரிந்தது. மூடிக்கொண்டார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க சேர். அம்மா வந்துரும்," என்றாள் யசோதினி.

"லொறி நிக்குதும்மா."

திரும்பி வரும்போது வளைவுகளில் டிரைவர் பிரேக்கை அழுத்தி அழுத்தி இறக்கினார். ஒவ்வொரு வளைவிலும் மோகனராஜ் முன்னால் போய்ப் போய் வந்தார். தோட்டத்தைத் தாண்டி பெரிய பாதைக்கு வந்த பிறகுதான் டிரைவர் வாயைத் திறந்தார்.

"அந்தப் பிள்ளைகள் எல்லாம் உங்களை சேர் சேர்னு கூப்பிட்டுச்சே. நீங்க படிச்சுக் குடுக்கிறவரா? இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாதே இந்தியாக்காரரே."

மோகனராஜ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு மட்டும்," என்றார்.